ஒன்பதாம் எண் ஜெர்சி யாருக்கு?

தங்கை மகன் இந்த ஆண்டு பள்ளி ரக்பி அணியில் சேர்ந்தான். முதல் வாரமே பயிற்றுநர் அவனை ஹாஃப்பேக் இடத்தில் நிறுத்திவிட்டார். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில், முழங்கால் வரை சேறு காய்ந்த கோலத்தில் மைலோ பெங் குடித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, நான் குள்ளமா இருக்கேன்னுதான் என்னை அங்க போட்டாங்களா?"

"பாதி அதுக்குத்தான்," என்றேன். மீதிப் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் என் கோப்பி ஆறிப்போனது. அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவனைவிட அவன் அம்மாவுக்காக என்றுகூடச் சொல்லலாம்.

என் தங்கைக்கு ரக்பி என்றால் பாடாங்கைக் கடக்கும்போது பேருந்து சன்னல் வழியாகத் தெரியும் ஒரு காட்சி. பத்துப் பதினைந்து தடித்த ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள். பந்து எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குவியலின் வாலில் குனிந்து நிற்கும் ஒரு சின்ன உருவத்தை அவள் கவனித்திருக்க மாட்டாள். அவன்தான் ஹாஃப்பேக். பந்து எங்கே இருக்கிறது என்று களத்தில் எப்போதும் தெரிந்திருக்க வேண்டிய ஆள்.

நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் தேசிய அணிக்கு யார் சிறந்த ஹாஃப்பேக் என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதம். நாம் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைப் பற்றிச் சண்டை போடுவோமே, அதேபோல. இந்த ஒப்புமை சும்மா வந்ததில்லை. கீப்பரும் ஏறக்குறைய ஒவ்வொரு பந்துக்கும் தயாராக இருக்க வேண்டியவர். நூறு பந்தை ஒழுங்காகப் பிடித்தால் யாரும் பேச மாட்டார்கள், ஒன்றை விட்டால் ஊரே பேசும். ஹாஃப்பேக்கின் பிழைப்பும் அதுதான்.

முதலில் ஆட்டம்

ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. முன்னே கொண்டுபோக வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். கையால் கொடுப்பது பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. தண்டனை உதைக்கு 3. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

ஜெர்சி எண்தான் இடத்தின் பெயர். 1 முதல் 8 வரை முன்வரிசைப் படை: கனத்த உடம்பு, பந்தைப் பிடுங்கும் வேலை. 10 முதல் 15 வரை பின்வரிசை: வேகம், ஓட்டம், உதை. இரண்டுக்கும் நடுவில், கல்யாணத் தரகர் மாதிரி, இரு வீட்டோடும் பேசிக்கொண்டு 9 நிற்கும். அந்த எட்டுப் பேர் உழைத்து எடுத்த பந்து இவன் கை வழியாகத்தான் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் போகும். அடுத்து நிற்கும் 10, ஃப்ளை ஹாஃப், அணியின் திட்டத்தை நடத்துபவர். 9-க்கும் 10-க்கும் உள்ள உறவு இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை.

பந்தோடு ஓடுபவரை எதிராளி பிடித்துத் தரையில் சாய்ப்பதற்கு டேக்கிள் என்று பெயர். சாய்ந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும். உடனே இரு அணியிலிருந்தும் ஆட்கள் வந்து, நின்றபடியே, அந்தப் பந்துக்கு மேலே தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். இதுதான் ரக். என் தங்கை பேருந்திலிருந்து பார்த்த குவியல். பந்து காலடியில் உருண்டு பின்பக்கம் வரும்போது ஹாஃப்பேக் அதை எடுத்து வீச வேண்டும். ஓர் ஆட்டத்தில் இப்படி எழுபது, எண்பது தடவை நடப்பது சாதாரணம். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் கட்டிப்பிடித்துத் தள்ளும் ஸ்கிரத்தில் பந்தை உள்ளே உருட்டிவிடுவதும் அவன்தான். பின்னால் ஓடிவந்து எடுப்பதும் பெரும்பாலும் அவன்தான்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்துக்காரர்கள் ஹாஃப்பேக் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் ஸ்கிரம் ஹாஃப் என்பார்கள். ஆள் ஒன்றுதான். ஆனால் ரக்பி லீக் என்று அணிக்கு 13 பேர் ஆடும் வேறொரு ஆட்டம் இருக்கிறது. அதில் ஹாஃப்பேக்கின் எண் 7, வேலையும் வேறு. யூடியூபில் தேடும்போது இரண்டும் கலந்து வரும்.

கையைப் பார்க்காதீர்கள்

ஹாஃப்பேக்கின் முதல் வேலை பாஸ். இரண்டாவது, மூன்றாவது வேலையும் பாஸ்தான் என்று எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு நியூசிலாந்துக்காரர் சொல்வார். நானும் அந்தக் கட்சிதான்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரக் நடக்கும்போது எதிரணி அதன் கடைசிக் காலுக்குப் பின்னால் ஒரு கோட்டில் நிற்க வேண்டும். பந்து வெளியே வந்ததும் பாய்ந்து வரலாம். பாய்ந்து வருபவர் விநாடிக்கு ஆறு மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாஃப்பேக் பந்தை எடுத்து, நிமிர்ந்து, ஓர் அடி வைத்து, கையைப் பின்னுக்கு இழுத்து வீசுகிறான். இதில் அரை விநாடி கூடுதலாகப் போகிறது. அந்த அரை விநாடியில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒவ்வொருவரும் மூன்று மீட்டர் முன்னேறிவிட்டார். பத்தாம் எண் பந்தைப் பிடிக்கும்போது மூக்குக்கு முன்னால் ஓர் ஆள் நிற்பான். யோசிக்க நேரமில்லை, உதைக்க இடமில்லை. பார்ப்பவர்கள் "பத்தாம் நம்பர் சரியில்லை" என்பார்கள். தப்பு ஒன்பதாம் நம்பருடையது.

இதனால்தான் நல்ல ஹாஃப்பேக் பந்தைத் தரையிலிருந்து தூக்குவதே இல்லை, துடைத்தெடுப்பான். குனிந்த நிலையிலேயே, பின்கால் பந்துக்குப் பக்கத்தில், முன்கால் போக வேண்டிய திசையைக் காட்ட, ஒரே வீச்சு. பெரியவர்கள் ஆடும் பந்து 410 முதல் 460 கிராம் எடை. அதைப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரம், தரைக்கு இணையாக, திருகு ஆணி போலச் சுழலவிட்டு அனுப்புவதற்குக் கை பலம் மட்டும் போதாது. இடுப்பும் காலும் சேர வேண்டும். 1930களில் தென்னாப்பிரிக்காவின் டேனி கிரேவன் உடம்போடு பாய்ந்து விழுந்து வீசும் பாஸுக்குப் பேர்போனவர். விழுந்தவன் எழுந்து அடுத்த ரக்குக்கு ஓட வேண்டுமே, அந்தச் செலவைப் பார்த்துத்தானோ என்னவோ, பிற்காலத்தில் நின்ற இடத்திலிருந்து சுழற்றி வீசும் பாஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் காலத்தில் இதற்கு அளவுகோல் நியூசிலாந்தின் ஏரன் ஸ்மித். 2012-இல் ஆல் பிளாக்ஸ் என்ற தேசிய அணிக்கு வந்தவர், 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தோடு விடைபெற்றார். 125 டெஸ்ட், அதாவது நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டம். அவர் விடைபெற்றபோது நியூசிலாந்தின் பின்வரிசையில் யாரும் அத்தனை ஆடியிருக்கவில்லை. உயரம் 171 செண்டிமீட்டர்தான். முடிதிருத்தும் தொழில் கற்றவர் என்பது ஒரு சுவையான தகவல். கை நுணுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்காதீர்கள். அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்த்தால் அவர் கை எப்போது அசைந்தது என்றே தெரியாது. பந்து ரக்கில் இருக்கும். அடுத்த கணம் பத்தாம் எண்ணிடம் இருக்கும்.

அதனால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லும் குறுக்குவழி இது: ஒன்பதாம் எண்ணை எடைபோட வேண்டுமென்றால் அவன் கையைப் பார்க்காதீர்கள், பத்தாம் எண்ணின் காலைப் பாருங்கள். பந்து வரும்போது அவர் ஓட்டத்தை நிறுத்தாமல் பிடிக்கிறாரா? அப்படியானால் பந்து அவர் மார்புக்கு ஒரு முழம் முன்னால் வந்து விழுகிறது, ஹாஃப்பேக் வேலையைச் செய்கிறான். நின்று, திரும்பி, எக்கி, அல்லது குனிந்து பிடிக்கிறாரா? எதிரணிக்கு இலவசமாக ஓரிரு மீட்டர் போய்விட்டது. இருபது நிமிடம் இதை மட்டும் பார்த்தால் போதும், வர்ணனையாளர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம் வீசுவது இயல்பாக வரும்; வலப்பக்கம் வீசும்போது பந்து சற்று தொங்கும், அல்லது ஓர் அடி கூடுதலாக வைக்கத் தோன்றும். பள்ளி அளவில் இது பெரிய விஷயமில்லை. தேசிய அளவில் எதிரணியின் ஆய்வாளர்கள் இதைக் காணொளியில் கண்டுபிடித்து, உங்கள் பலவீனமான பக்கத்தில்தான் ஆளைக் குவிப்பார்கள்.

கால், தோள், வாய்

உதை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே அது பார்க்கப் பிடிக்காத பகுதி. ரக்கின் பின்னாலிருந்து ஹாஃப்பேக் பந்தை வானத்தைப் பார்த்து உதைப்பதற்கு பாக்ஸ் கிக் என்று பெயர். தன் ஆட்கள் ஓடிப்போய்ச் சேரும் வரை பந்து காற்றில் நிற்க வேண்டும். இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளி, பக்கக்கோட்டை ஒட்டி விழ வேண்டும். அயர்லாந்தின் கோனர் மர்ரி இதில் கைதேர்ந்தவர், அதாவது கால்தேர்ந்தவர். தென்னாப்பிரிக்காவின் ஃபாஃப் டி கிளர்க் 2019 உலகக் கிண்ணத்தில் இதையே திரும்பத் திரும்பச் செய்தபோது அலுத்துக்கொண்ட ரசிகர்கள் ஏராளம். கிண்ணம் என்னவோ தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போனது. இடக்கால்காரராக இருந்தால் கூடுதல் மதிப்பு: பந்து காற்றில் மாறிச் சுழலும், உதைக்கும் கோணமும் மாறும், பிடிப்பவருக்குப் பழக்கமில்லை. நியூசிலாந்தின் கேம் ரோய்கார்ட் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் ஆசையில் அந்த இடக்காலுக்கும் பங்கு உண்டு.

உடம்பைப் பற்றி மருமகன் கேட்டானே, அதற்கு வருகிறேன். தரையோடு தரையாக வேலை செய்பவனுக்குக் குள்ளம் வசதி, அவ்வளவுதான். விதி ஒன்றும் இல்லை. 1995 உலகக் கிண்ணத்தை வென்ற தென்னாப்பிரிக்காவின் யூஸ்ட் வான் டெர் வெஸ்டஹைசன் 185 செண்டிமீட்டர். அந்த இறுதியாட்டத்தில், மலை போல வந்த நியூசிலாந்தின் ஜோனா லோமுவைத் தனியாளாகச் சாய்த்தார். கூடுதல் நேரத்தில் வெற்றியைத் தந்த உதைக்குப் பந்தைக் கொடுத்ததும் அவர்தான். இந்தப் பக்கம் ஜப்பானின் ஃபுமியாகி தனாகா, 166 செண்டிமீட்டர். 2015-இல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று ஜப்பான் வீழ்த்திய அந்த ஆட்டத்தில் ஒன்பதாம் எண் அவர் முதுகில்தான் இருந்தது. நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்காரர்களுக்கு அந்த ஒரு ஆட்டம் போதும், தாழ்வு மனப்பான்மை பறந்துவிடும்.

தடுப்பாட்டத்தில் ஹாஃப்பேக் கடைசி ஆளாக நிற்க வேண்டிய நேரங்கள் வரும். 1994-இல் சிட்னியில் நியூசிலாந்தின் ஜெஃப் வில்சன் கோட்டைத் தாண்டிப் பாய்கிறார், ட்ரை நிச்சயம். எங்கிருந்தோ வந்த ஆஸ்திரேலியாவின் இளம் ஹாஃப்பேக் ஜார்ஜ் கிரேகன் மோதிய வேகத்தில் பந்து கையைவிட்டுத் தெறித்தது. ஆஸ்திரேலியா 20-16 என்று வென்றது. கிரேகன் மொத்தம் 139 டெஸ்ட் ஆடினார். அத்தனை ஆட்டம் ஆடியும் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒரு மோதல்தான்.

அப்புறம் வாய். இதை யாரும் புள்ளிவிவரத்தில் போடுவதில்லை. தன்னைவிடக் கனமான எட்டுப் பேரை "இங்க வா, அங்க போ, எழுந்திரு" என்று 80 நிமிடமும் மேய்க்க வேண்டும். ரக்கில் பந்து கைக்கெட்டும் நிலைக்கு வந்ததும் நடுவர் "எடு" என்று குரல் கொடுத்தால் ஐந்து விநாடிதான். அதற்குள் பந்து வெளியே வந்தாக வேண்டும். அந்த ஐந்து விநாடியை முழுதாகச் செலவழிப்பதா, ஒரே விநாடியில் எடுப்பதா என்பதில் ஆட்டத்தின் வேகமே அடங்கியிருக்கிறது. கச்சேரியில் தாளத்தை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் போக வேண்டும். முன்னிலையில் இருந்து மழையும் பெய்தால் மெதுவாக. பின்தங்கியிருந்து எதிரணி மூச்சு வாங்கினால் வேகமாக. இதைத் தவறாகக் கணிக்கும் ஹாஃப்பேக்குக்கு எவ்வளவு அழகான பாஸ் இருந்தும் பயனில்லை.

"சிறந்தவர்" என்றால் யாருக்கு?

இங்கேதான் கோப்பிக்கடை வாதம் தடம் புரளும். இரண்டு ஹாஃப்பேக்குகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் பாஸ் நீளம், யார் வேகம், யார் ட்ரை அதிகம் என்று ஒப்பிடுவார்கள். தேர்வாளர் அப்படிப் பார்க்க மாட்டார். அவர் முதலில் மற்ற பதினான்கு பேரைப் பார்ப்பார்.

முன்வரிசை வலுவாக இருந்து பந்து சுத்தமாக வந்துகொண்டிருந்தால், ஏரன் ஸ்மித் வகை ஆள் தேவை: எடு, வீசு, ஓடு. முன்வரிசை தடுமாறுகிறது, பந்து மெதுவாக, எதிராளியின் கையோடு சேர்ந்து வருகிறது என்றால், வீசிப் பயனில்லை. தானே பந்தை எடுத்துக்கொண்டு இடுக்கில் நுழைந்து நான்கு மீட்டர் பிடுங்கி வருகிற முரடன் தேவை. பத்தாம் எண் இளைஞர், புதுமுகம் என்றால், பக்கத்தில் உதைக்கும் சுமையில் பாதியை ஏற்கக்கூடிய அனுபவசாலி ஹாஃப்பேக் வேண்டும். பத்தாம் எண் தளபதி என்றால் அவருக்குக் கீழ்ப்படியும் ஹாஃப்பேக் வேண்டும். இரண்டு தளபதிகள் ஒரே களத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சின் அந்துவான் டுப்போன் மாதிரி எல்லாமே தெரிந்தவர் தலைமுறைக்கு ஒருவர்தான் கிடைப்பார். 2021-இல் உலகின் சிறந்த வீரர் விருது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பிக்கு மாறி அதிலும் தங்கம். அவர் இருக்கும் அணிக்குத் தேர்வாளரே தேவையில்லை. மற்ற நாடுகளுக்குத்தான் தலைவலி.

விதி மாறினாலும் தேர்வு மாறும். 2025 தொடக்கத்திலிருந்து ஒரு சோதனை விதி நடைமுறைக்கு வந்தது. ஸ்கிரத்திலும் ரக்கிலும் பந்தெடுக்கும் ஹாஃப்பேக்கை எதிரணி முன்போல் நெருங்கித் தொல்லை கொடுக்க முடியாதபடி அவருக்குப் பாதுகாப்பு தருகிறது அது. எதிரணியின் ஹாஃப்பேக் ஸ்கிரத்தைச் சுற்றி ஓடிவந்து குடைச்சல் கொடுப்பது ஒரு காலத்தில் தனித் திறமையாக மதிக்கப்பட்டது. அந்தத் திறமைக்கு இப்போது சந்தை விலை குறைந்துவிட்டது. சுத்தமாக வீசத் தெரிந்தவருக்கு ஏறிவிட்டது.

வானிலையும் ஒரு தேர்வாளர். நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு இடி இடித்து, பள்ளித் திடலில் மின்னல் எச்சரிக்கை ஒலித்து, எல்லாரும் கூரைக்குக் கீழே ஓடி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் பந்து சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். மழையே இல்லாவிட்டாலும் வியர்வையில் அதே கதைதான். நீண்ட சுழல் பாஸ் இங்கே ஆபத்தான ஆடம்பரம். குறுகிய, மிதமான பாஸ் கொடுக்கத் தெரிந்தவன் சிங்கப்பூரில் நல்ல ஹாஃப்பேக். அவனையே நியூசிலாந்தின் குளிர்காலத் திடலில் விட்டால் வேறு பாடம்.

பெஞ்சில் யார்?

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேசிய அணி என்றால் களத்தில் 15 பேர், மாற்று ஆட்கள் 8 பேர். ஹாஃப்பேக் ஓயாமல் ஓடுபவர். ஐம்பது, அறுபதாவது நிமிடத்தில் கால் கனக்கும், பாஸ் தாழும். அதனால் எட்டு மாற்று ஆட்களில் ஒருவர் பொதுவாக ஹாஃப்பேக்காக இருப்பார். பெரும்பாலும் ஜெர்சி எண் 21. அப்படியானால் கேள்வி "யார் சிறந்த ஹாஃப்பேக்" என்பதல்ல, "யார் சிறந்த ஜோடி" என்பது. தொடங்குபவர் அமைதியானவர் என்றால் முடிப்பவர் துடிப்பானவராக இருக்கலாம். ஒரே மாதிரி இரண்டு பேரை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

இதில் தென்னாப்பிரிக்கா செய்த சூதாட்டம் ஒன்று உண்டு. 2023 உலகக் கிண்ணத்துக்கு 33 பேர் கொண்ட குழுவில் அவர்கள் நான்கு ஹாஃப்பேக்குகளைக் கொண்டுபோனார்கள். வழக்கமாக மூன்றுதான். அவ்வளவு பேரைக் கூட்டிப்போய்விட்டு, நியூசிலாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் என்ன செய்தார்கள்? மாற்று ஆட்களில் ஏழு பேர் முன்வரிசை, ஒரே ஒருவர் பின்வரிசை, அவரும் ஹாஃப்பேக் இல்லை! ஃபாஃப் டி கிளர்க்குக்குக் காலில் சுளுக்கு விழுந்திருந்தால் ஸ்கிரத்துக்குப் பின்னால், வழக்கமாக ஓரத்தில் ஓடும் விங் ஆட்டக்காரர் யாராவதுதான் நின்றிருக்க வேண்டும். சுளுக்கு விழவில்லை. டி கிளர்க் முழு ஆட்டத்தையும் ஆடினார், தென்னாப்பிரிக்கா 12-11 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றது. தோற்றிருந்தால் அந்தத் தேர்வாளர்களை ஊரில் நுழைய விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

இதற்கு மறுபக்கம் 2025 மார்ச்சில் டப்ளினில் நடந்தது. பிரான்சும் அயர்லாந்துக்கு எதிராக அதே ஏழுக்கு ஒன்று கணக்கில்தான் பெஞ்சை அமைத்தது. ஆனால் அந்த ஒருவராக மாற்று ஹாஃப்பேக் மக்சீம் லூக்குவை வைத்திருந்தது. முதல் பாதியிலேயே டுப்போனுக்கு முழங்காலில் பலத்த காயம், வெளியேறினார். லூக்கு உள்ளே வந்தார். அதன்பின் பின்வரிசையில் இன்னொருவரும் வெளியேற, அங்கே ஆளில்லாமல் முன்வரிசை வீரர் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிரான்ஸ் 42-27 என்று வென்றது. ஒரு முன்வரிசை ஆளைப் பின்வரிசையில் ஒப்பேற்றிவிடலாம். ஒப்பேற்ற முடியாத இடம் ஒன்பது மட்டும்தான் என்று பிரெஞ்சுக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு கதையிலும் ஜெயித்தவர்கள் சூதாடியவர்கள்தான் என்பதால் எது சரி என்று சண்டை இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு பிரான்சுக்கு.

காத்திருப்பவர்கள்

தோனி, தினேஷ் கார்த்திக் என்ற இரண்டு விக்கெட் கீப்பர்களின் கதையைக் கிரிக்கெட் ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். தேக்காவில் கேட்கவே வேண்டாம். சென்னைப் பிள்ளை கார்த்திக் 2004-இல் இந்திய அணிக்கு வந்தபோது தோனி இன்னும் வரவில்லை. சில மாதங்களில் எல்லாம் தலைகீழ். ஒரே ஓர் இடம்தான் இருக்கிற வேலையில் தன் காலத்திலேயே இன்னொரு மேதை பிறந்துவிட்டால் என்ன செய்வது? நியூசிலாந்தில் டி.ஜே. பெரனாராவின் நிலையும் அதுதான். வேறு பல நாடுகளில் முதல் ஆளாக இருந்திருக்க வேண்டியவர், ஏரன் ஸ்மித் இருந்ததால் ஆண்டுக்கணக்கில் பெஞ்சிலிருந்து வந்தார். அப்படியும் 89 டெஸ்ட். ஸ்மித்தின் வேகத்தில் களைத்துப்போன எதிரணிக்கு எதிரே, புத்தம்புதிதாக, முட்டி மோதும் வேறொரு வகை ஆள் வந்து நிற்பது ஆல் பிளாக்ஸுக்கு எவ்வளவு பெரிய வரம் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காலம் வேறு. வேல்ஸின் கேரத் எட்வர்ட்ஸ் 1967 முதல் 1978 வரை தொடர்ச்சியாக 53 ஆட்டங்களில் வேல்ஸுக்காக ஆடினார், ஒன்றுகூடத் தவறவில்லை. அவருக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்தவர்களின் பெயரை யாரும் பாடுவதில்லை.

தேர்வாளர்களுக்கு இன்னொரு சங்கடம், உலகக் கிண்ணம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வருவது. இன்று சிறந்தவர் 33 வயதுக்காரர். அடுத்த கிண்ணத்தில் சிறந்தவராக இருக்கப்போவது 22 வயதுக்காரர். நாளைய ஆட்டத்தை ஜெயிக்க யாரைப் போடுவது, இரண்டு ஆண்டு கழித்து ஜெயிக்க யாரைப் பழக்குவது? இதற்குச் சரியான விடை கிடையாது, வேலை போகாத விடைதான் உண்டு.

நம் ஊரில்

சிங்கப்பூருக்கு இந்தத் தலைவலி இன்னொரு வடிவில் வரும். இங்கே ரக்பிக்குப் பழைய வேர் உண்டு. பாடாங்கில் சிங்கப்பூர் கிரிக்கெட் மன்றம் 1947-இல் தொடங்கிய எழுவர் ரக்பிப் போட்டி இன்றும் பேசப்படுகிறது. 2016-இல் காலாங் தேசிய விளையாட்டரங்கில் கென்யா 30-7 என்று ஃபிஜியைக் கவிழ்த்தபோது அரங்கமே எழுந்து நின்றது. இந்தியர்களுக்கு இதில் இடமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: 1970களில் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய நட்டஹர் பாவா.

ஆனால் ஆள்கணக்கு சிறியது. ராஃபிள்ஸ், ஆங்கிலோ சீனப் பள்ளி, செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற சில பள்ளிகளிலிருந்துதான் பல காலமாக வீரர்கள் வருகிறார்கள். பதினெட்டு வயதில், ஹாஃப்பேக்கின் கை பழுக்கத் தொடங்கும் நேரத்தில், தேசிய சேவை. பிறகு பல்கலைக்கழகம், சிலர் வெளிநாடு. பிறகு வேலை. உலக ரக்பி விதிப்படி பொதுவாக ஒரு நாட்டுக்கு ஆட அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்திருக்க வேண்டும், அல்லது ஐந்து ஆண்டு அங்கேயே பதிவு செய்து ஆடியிருக்க வேண்டும். அதனால் இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆக நியூசிலாந்தின் தேர்வாளர் "ஐந்து நல்லவர்களில் யாரை விடுவது" என்று தூக்கம் கெடுவார். சிறிய நாட்டின் தேர்வாளர் "செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பயிற்சிக்கு வரக்கூடிய நல்லவர் யார்" என்று தூக்கம் கெடுவார். நான் கேட்டால், பாஸ் சுமாராக இருந்தாலும் எல்லாப் பயிற்சிக்கும் வந்து பத்தாம் எண்ணோடு பழகியவனைத்தான் எடுப்பேன். ஓர் ஆண்டு சேர்ந்து வீசிப் பிடித்த இருவருக்கிடையே பந்து கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேரும்.

மருமகனுக்கு இதில் எவ்வளவு ஏறியதோ தெரியாது. புளோக்குக்குக் கீழே "பந்து விளையாடக் கூடாது" என்று நான்கு மொழியிலும் எழுதியிருப்பதால், பக்கத்துப் புல்தரையில் நண்பன் ஒருவனை நிறுத்தி வலப்பக்கம் மட்டும் வீசிப் பழகிக்கொண்டிருந்தான். முதல் ஆட்டத்துக்கு அவனுக்குக் கிடைத்தது 21. முகம் வாடியிருந்தது. டப்ளின் கதையைச் சொன்னேன். "அப்ப யாருக்காவது அடிபடணுமா மாமா?" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டத்துக்குத் தங்கையும் வந்தாள், குடையும் பேரீச்சம்பழ டப்பாவுமாக. இரண்டாம் பாதியின் நடுவில் மகன் உள்ளே போனான். இவள் கண் மகன்மேல் இருக்கும் என்று நினைத்தேன். சிறிது நேரம் கழித்து, "அண்ணே, அந்தப் பத்தாம் நம்பர் பையன் நிக்காம ஓடிக்கிட்டே பிடிக்கிறான் பாருங்க," என்றாள். ஆமாம் என்றேன். அடுத்த பந்துக்கு அந்தப் பையன் முழங்கால் வரை குனிந்தான், பந்து நழுவியது, அவன் பயிற்றுநர் பத்தாம் நம்பரைப் பார்த்துக் கத்தினார்.

"இது நம்ம பயல் தப்புத்தானே?" என்றாள் தங்கை.